சின்னப் பள்ளிகளைக் கட்டிப்போடாதீர்கள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஆயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊரின் உயர்நிலைப் பள்ளி தான் ஆடிவந்த கான்ஃபரன்ஸை விட்டு இன்னொன்றில் சேர விண்ணப்பித்தால், சுற்றுவட்டாரம் முழுக்க அதே பேச்சாகிவிடுகிறது. இத்தனை காலம் கூட ஆடியவர்களைக் கைவிட்டுப் போகிறார்கள். கோப்பைக்கு ஆசைப்பட்டுப் போகிறார்கள். பல்கலைக்கழக விளையாட்டைக் கெடுத்த பணநோய் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. இந்த மூன்று குற்றச்சாட்டுகளும் அநேகமாக இதே வரிசையில்தான் வருகின்றன. உறுப்பினர் பட்டியல் மாறாமல் இருப்பதே ஒழுங்கு, மாறினால் அது சீரழிவின் அடையாளம் என்பது பொதுக் கருத்தாக நிலைத்துவிட்டது. பெரியவர்கள் சொல்ல, இளையவர்களும் தலையாட்டுகிறார்கள். இந்தக் கருத்து தவறானது. தவறான கருத்துகள் ஆயிரம் இருக்கின்றன, எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் இதை நம்பி ஒரு பள்ளிக் குழு வாக்களித்தால், அதன் விலையைக் கொடுப்பவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். அதனால் மறுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கான்ஃபரன்ஸ் என்பது அருகருகே உள்ள எட்டுப் பத்துப் பள்ளிகள் தாமாக முன்வந்து சேர்ந்து, ஆண்டுதோறும் தங்களுக்குள் ஆட்ட அட்டவணை போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. கூடைப்பந்து, வாலிபால், மல்யுத்தம், தடகளம், கோடையில் பேஸ்பால், சாஃப்ட்பால் எல்லாம் இதற்குள் நடக்கும். சேர்ந்திசை, பேண்டு வாத்தியம், வினாடி வினா ஆகியவற்றுக்கும் பல இடங்களில் இதே பள்ளிகள்தான் கூடும். அமெரிக்கக் கால்பந்துக்கு மட்டும் அயோவாவில் மாநில அமைப்பே பிரிவுகளை ஒதுக்கிவிடுகிறது. மற்றவற்றுக்குப் பள்ளிகளே பார்த்துக்கொள்ள வேண்டும். கான்ஃபரன்ஸில் இருக்கிற பள்ளிக்கு அடுத்த ஆண்டு யாரோடு, எங்கே, என்றைக்கு ஆட்டம் என்ற கவலை இல்லை. வெளியே நிற்கிற பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தொலைபேசியில் கெஞ்ச வேண்டும்.

மாறாத பட்டியல் என்று ஒன்று எப்போதாவது இருந்ததா? இல்லை. 1950களின் தொடக்கத்தில் அயோவாவில் 4,000க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள், அதாவது உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்கள், இருந்தன. இன்று 325 அளவில் இருக்கின்றன. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் 1939-40இல் சுமார் 1,17,000 மாவட்டங்கள்; இப்போது 13,000 சொச்சம். ஓரறைப் பள்ளிகள் மூடப்பட்டன, சிற்றூர்ப் பள்ளிகள் இணைந்தன, இணைந்தவை மறுபடியும் இணைந்தன. அத்தனை இணைப்பிலும் ஏதோ ஒரு கான்ஃபரன்ஸின் பட்டியல் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இன்று "எங்கள் காலத்துப் பட்டியல்" என்று ஒருவர் நினைவுகூர்கிறாரே, அது அவர் படித்த நான்கு ஆண்டுகளின் பட்டியல். அவருடைய அப்பாவிடம் கேட்டால் வேறு பெயர்களைச் சொல்லியிருப்பார்.

இதற்கு 1968ஆம் ஆண்டைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அந்த மார்ச் மாதம் டெமாய்ன் நகரில் மாநிலப் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம். அயோவாவில் அப்போது பெண்கள் அணிக்கு ஆறு பேர். மூவர் ஒரு பாதியில் நின்று கூடை போடுவார்கள், மூவர் மறு பாதியில் தடுப்பார்கள், நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. யூனியன்-விட்டன் பள்ளியும் எவர்லி பள்ளியும் மோதின. சில நூறு பேர் வாழும் ஊர்களின் பள்ளிகள் இரண்டும். எவர்லியின் ஜீனெட் ஓல்சன் 76 புள்ளிகள் எடுத்தார். யூனியன்-விட்டனின் டெனிஸ் லாங் 64 எடுத்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், யூனியன்-விட்டன் 113-107 என்று வென்றது. அடுத்த ஆண்டு டெனிஸ் லாங்கை ஆண்கள் தொழில்முறை அணியான சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் தன் தேர்வுப் பட்டியலில் சேர்த்தது. லீக் தலைவர் அதைச் செல்லாது என்றார். சிற்றூர் விளையாட்டின் பொற்காலம் என்று அயோவாக்காரர்கள் எதையாவது சொன்னால் இந்த ஆட்டத்தைச் சொல்வார்கள்.

சரி, அந்தப் பள்ளி இன்று எங்கே? பீமன், கான்ராட், லிஸ்காம்ப், யூனியன், விட்டன் என்ற ஐந்து ஊர்களின் முதலெழுத்துகளைக் கோத்த பி.சி.எல்.யு.டபிள்யூ. என்ற பெயருக்குள் கடைசி இரண்டு எழுத்துகளாக இருக்கிறது. எவர்லியும் பக்கத்து மாவட்டத்தோடு சேர்ந்து க்ளே சென்ட்ரல்-எவர்லி ஆனது. ஏன், 1968இலேயே "யூனியன்-விட்டன்" என்ற பெயரில் ஏற்கெனவே இரண்டு ஊர்கள் சேர்ந்திருந்தன. மாறாத காலம் என்று எதைக் காட்டுகிறார்களோ அதுவே ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடைப்பட்ட சில வருடங்கள்தான். அந்த இடைவெளியில் ஆடிய பெண்களின் பெருமை அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

இண்டியானா மாநிலத்தின் மிலன் பள்ளியைக் காட்டி வாதிடுகிறவர்களும் உண்டு. 161 மாணவர்களே இருந்த அந்தப் பள்ளி 1954இல் மன்ஸி சென்ட்ரலை 32-30 என்று வீழ்த்தி மாநிலக் கோப்பையை எடுத்தது. அதைத் தழுவி 1986இல் 'ஹூசியர்ஸ்' படம் வந்தது. சின்னப் பள்ளி பெரியவர்களோடு மோத வேண்டும், ஓடக் கூடாது என்பதற்கு இதுவே ஆதாரமாம். மிலன் வென்ற ஆண்டில் அந்தப் போட்டியில் 700க்கும் மேற்பட்ட பள்ளிகள் ஆடின. ஒன்று வென்றது. 1997இல் இண்டியானா எல்லா அளவுப் பள்ளிகளும் சேர்ந்து ஆடிய ஒரே பிரிவுப் போட்டியைக் கைவிட்டபோது எஞ்சியிருந்தவை 400க்கும் குறைவு. மிலனைப் போன்ற நூற்றுக்கணக்கான பள்ளிகள் இடைக்காலத்தில் மறைந்துவிட்டன. ஒரு வெற்றியின் படத்தைப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு விதி எழுதுவது நியாயமில்லை.

மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை மேற்கு அயோவாவின் ரோலிங் வேலி கான்ஃபரன்ஸில் பார்க்கலாம். மாநிலத்தின் மிகச் சிறிய பள்ளிகள் ஆடும் இடம் அது. எக்ஸைராவும் எல்க் ஹார்ன்-கிம்பல்டனும் அதில் தனித்தனி உறுப்பினர்களாக இருந்தன. 2014இல் இரண்டு மாவட்டங்களும் இணைந்தன. யாரும் வெளியேறவில்லை, யாரும் யாரையும் கைவிடவில்லை, ஆனாலும் பட்டியலில் ஒரு பெயர் குறைந்தது. அதே கான்ஃபரன்ஸின் வால்னட் 2016இல் ஏவோகா முதலிய ஊர்களோடு சேர்ந்து ஏ.ஹெச்.எஸ்.டி.டபிள்யூ. ஆனது, அந்தப் பள்ளி ஆடுவது வெஸ்டர்ன் அயோவா கான்ஃபரன்ஸில். அங்கேயே ஆடிய அடேர்-கேஸி, கத்ரி சென்டரோடு சேர்ந்து வெஸ்ட் சென்ட்ரல் கான்ஃபரன்ஸுக்குப் போயிற்று.

இந்த மூன்றில் எது துரோகம்? வால்னட் பிள்ளைகள் ஏவோகா பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டு, மாலையில் மட்டும் தனி அணியாகப் பழைய கான்ஃபரன்ஸுக்குப் போய் ஆட முடியுமா? இப்படி மூன்று பெயர்களை இழந்த ஒரு கான்ஃபரன்ஸ் புதிதாக யாரையாவது அழைத்தாக வேண்டும். அழைக்கப்பட்ட பள்ளி வேறெங்கோ இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டுத்தான் வர முடியும். அந்த இடத்தை நிரப்ப அங்கே இன்னொருவரை அழைப்பார்கள். கடைசியாக நகர்ந்த பள்ளியைப் பிடித்து வைத்துக் குற்றம் சாட்டுகிறோம். முதல் காரணத்தை யாரும் பேசுவதில்லை.

முதல் காரணம் நிலத்தில் இருக்கிறது. அயோவாவின் ஆடம்ஸ் கவுண்டியில் 1900இல் 13,000க்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள்; 2020 கணக்கெடுப்பில் 3,704 பேர். தென்மேற்கு மூலையிலுள்ள ஃப்ரீமாண்ட் கவுண்டியில் 18,000க்கு மேல் இருந்தவர்கள் 6,605 ஆனார்கள். 1950இல் ஒரு சராசரிப் பண்ணை 170 ஏக்கருக்குள் இருந்தது. இப்போது 340 ஏக்கரைத் தாண்டிவிட்டது. பண்ணை இரண்டு மடங்கானால் பண்ணை வீடுகள் பாதியாகும், அந்த வீட்டுப் பிள்ளைகளும் பாதியாவார்கள். 1980களின் பண்ணைக் கடன் நெருக்கடி மிச்சமிருந்த பல குடும்பங்களையும் நகர்த்தியது. இத்தனைக்கும் நடுவில் கான்ஃபரன்ஸ் பட்டியல் மட்டும் அசையாமல் இருக்க வேண்டுமென்றால், ஆள் இல்லாத ஊரில் யார் வந்து ஆடுவது?

அடுத்தது பல்கலைக்கழக ஒப்பீடு. இதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவைப்பது. பசிஃபிக் கரைப் பல்கலைக்கழகங்களின் பேக்-12 கான்ஃபரன்ஸ் 2023இல் சிதறியது. பன்னிரண்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் 2024இல் வெளியே போயின. லாஸ் ஏஞ்சலிஸின் இரு பல்கலைக்கழகங்களும் ஆரகனும் வாஷிங்டனும் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. அதே பிக் டென்னில்தான் மறு கரையிலுள்ள நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவிலிருந்து ஸ்டான்ஃபர்டு அட்லாண்டிக் கரையின் பெயர் தாங்கிய கான்ஃபரன்ஸில் சேர்ந்தது. தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம்தான் இத்தனையையும் இழுத்துச் சென்றது. மாணவர்கள் ஓர் ஆட்டத்துக்காக ஒரு கண்டத்தைக் குறுக்கே கடக்கிறார்கள்.

அயோவாவின் சிற்றூர்ப் பள்ளிக்கு எந்தத் தொலைக்காட்சி நிறுவனம் பணம் கொடுக்கிறது? டிக்கெட் வசூலும், ஊக்குவிப்பாளர் சங்கம் விற்கும் பாப்கார்னும்தான் அங்கே வருமானம். அந்தப் பள்ளி கான்ஃபரன்ஸ் மாறுவது பெரும்பாலும் பேருந்துப் பயணத்தைக் குறைக்கத்தான். பல்கலைக்கழகங்கள் தூரத்தைத் தேடிப் போகின்றன, பள்ளிகள் அருகைத் தேடிப் போகின்றன. ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை இரவில், பெண்கள் ஆட்டமும் ஆண்கள் ஆட்டமும் முடிந்து, பனி பெய்யும் இருவழிச் சாலையில் மஞ்சள் பேருந்து திரும்பி வருகிறது. மறுநாள் காலை முதல் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் இருக்க வேண்டும். அந்தப் பயணத்தில் அரை மணி நேரம் குறைந்தால் அது லாபம். பேருந்து ஓட்டுநர்கள் கிடைக்காமலும் நடுவர்கள் கிடைக்காமலும் பள்ளிகள் திண்டாடும் காலத்தில் அது பெரிய லாபம். இதைப் பணவெறியோடு சேர்த்துப் பேசுவது அநியாயம்.

கோப்பை ஆசை என்ற குற்றச்சாட்டில் சிறிது உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். பலமான அணியை வைத்துக்கொண்டு, பலவீனமானவர்கள் நடுவே போய் உட்கார்ந்து, ஆண்டுதோறும் வெற்றிப் பதாகை தொங்கவிட நினைக்கும் பள்ளியும் இருக்கலாம். ஆனால் பொதுவாக நகர்வது அந்தப் பள்ளி இல்லை. ஒரு பள்ளியில் 9 முதல் 11ஆம் வகுப்பு வரை 70 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கான்ஃபரன்ஸில் இருந்த பக்கத்துப் பள்ளி நகரத்தின் புறநகராகி 250 பேராக வளர்ந்துவிட்டது. இவர்கள் அவர்களோடு ஆண்டுக்கு இருமுறை ஆட வேண்டும். அயோவாவில் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் 35 புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிடுவார்கள், சீக்கிரம் முடியட்டும் என்று. கூடைப்பந்திலும் உண்டு, கால்பந்திலும் உண்டு. ஒவ்வொரு முறையும் கடிகாரம் அப்படி ஓடுவதைப் பார்த்து நிற்கும் பிள்ளை அடுத்த ஆண்டு அணிக்கு வரமாட்டான். பத்துப் பேர் இருந்த இடத்தில் ஏழு பேர் ஆவார்கள்.

இன்னொன்றையும் வெளியே இருந்து பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அணி என்றால் முதல் அணி மட்டுமில்லை. முதல் அணியின் ஆட்டத்துக்கு முன்னால் ஜே.வி. எனப்படும் இரண்டாம் அணியின் ஆட்டம் நடக்கும். இன்னும் தேறாத ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதில்தான் ஆடக் கற்றுக்கொள்வார்கள். பெரிய பள்ளிக்கு மூன்று அணி இருக்கும். சின்னப் பள்ளியால் ஜே.வி. அணியைத் திரட்டவே முடியாமல் போகும். இருவரும் ஒரே கான்ஃபரன்ஸில் கட்டுண்டு கிடந்தால் அங்கேயும் ஆட்டம் ரத்தாகும், இங்கேயும் ரத்தாகும். அளவில் ஒத்தவர்கள் சேர்ந்தால் இரண்டு பக்கமும் ஜே.வி. ஆட்டத்தைப் பாதி நேரமாவது நடத்திவிடலாம். கோப்பையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பாதி நேர ஆட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

டெக்சாஸைப் பாருங்கள். அங்கே கான்ஃபரன்ஸ், பிரிவு எல்லாவற்றையும் மாநில அமைப்பான யு.ஐ.எல். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாணவர் எண்ணிக்கையை வைத்துத் திருத்தி அமைக்கிறது. மாணவர் எண்ணிக்கை 104.9ஐத் தாண்டாத பள்ளி ஆறு பேர் ஆடும் கால்பந்துக்குப் போகலாம். இரண்டாண்டுக்கொரு முறை அண்டை ஊர் வேறு பிரிவுக்குப் போவதும் திரும்பி வருவதும் அங்கே வழக்கம். பள்ளிக் கால்பந்தின் மீது டெக்சாஸ் சிற்றூர்களுக்கு இருக்கும் பற்று அதனால் குறைந்துவிட்டதாக யாராலும் சொல்ல முடியாது. பழைய எதிரியோடு ஆட வேண்டுமானால் பிரிவுக்கு வெளியே ஓர் ஆட்டம் வைத்துக்கொள்கிறார்கள். பகை வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் போதும்.

அந்த ஆறு பேர் ஆட்டமே சிற்றூர்கள் பழைய ஏற்பாட்டில் கட்டுப்பட்டுக் கிடக்க மறுத்ததால் பிறந்தது. 1934இல் நெப்ராஸ்காவின் செஸ்டர் ஊரில் ஸ்டீஃபன் எப்ளர் என்ற ஆசிரியர், பதினொரு பேரைத் திரட்ட முடியாத பள்ளிகளுக்காக அதை வகுத்தார். 80 கஜ மைதானம், ஆறு பேரும் பந்தைப் பிடிக்கலாம், பத்துக்குப் பதில் பதினைந்து கஜம் முன்னேற வேண்டும். முதல் ஆட்டத்தில் எந்தப் பள்ளியும் தனி அணியாக ஆடவில்லை. ஹார்டியும் செஸ்டரும் ஓர் அணியாக, பெல்விடேரும் அலெக்சாண்ட்ரியாவும் மற்றோர் அணியாகச் சேர்ந்துதான் ஆடினார்கள். நேற்றுவரை எதிராளி, இன்று ஒரே அணி. அன்று ஊர்க்காரர்கள் ஊர்ப் பெருமையைப் பிடித்துக்கொண்டு மறுத்திருந்தால் அந்த ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

அயோவாவிலேயே இதைவிடப் பெரிய வெளியேற்றம் ஒன்று நடந்திருக்கிறது. 1925இல் ஆண்களின் மாநில விளையாட்டு அமைப்பு, கூடைப்பந்து பெண்களுக்கு ஏற்றதில்லை என்று அவர்களுடைய மாநிலப் போட்டியைக் கைவிட முடிவெடுத்தது. பெரிய பள்ளிகள் ஒத்துப்போயின. சிற்றூர்ப் பள்ளிகளின் நிர்வாகிகள் சிலர் ஒத்துப்போகாமல் வெளியேறி, பெண்களுக்கென்று தனி மாநில அமைப்பைத் தொடங்கினார்கள். நகரத்துப் பள்ளிகள் பலவற்றில் பல பத்தாண்டுகள் பெண்கள் கூடைப்பந்து இல்லாதிருந்தபோது, சிற்றூர்ப் பெண்கள் மாநிலத் தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஆடினார்கள். டெனிஸ் லாங்கின் 64 புள்ளிகள் அந்த வெளியேற்றத்தின் மகசூல். இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும், கூடியிருந்தவர்களை விடக் கூடாது என்ற வாதத்தை அன்று அந்த நிர்வாகிகள் ஏற்றிருந்தால் அவருக்கு ஆட ஒரு களம் இருந்திருக்காது.

மறுதரப்பில் வலுவான வாதம் ஒன்றுதான் இருக்கிறது. அதை ஒதுக்கக் கூடாது. ஒரு பள்ளி போனால், பின்னால் நிற்பவர்களின் கதி? எட்டு ஏழாகும், ஏழு ஐந்தாகும், ஐந்தில் அட்டவணை போட முடியாது. எஞ்சிய ஐந்தும் பெரும்பாலும் இருப்பதிலேயே சிறிய, தொலைவிலுள்ள, யாரும் விரும்பி அழைக்காத பள்ளிகளாக இருக்கும். இந்த வலி உண்மையானது. ஆனால் அதற்கு மருந்து போகிறவனின் காலைப் பிடித்து நிறுத்துவதில் இல்லை. போகிற பள்ளி இரண்டு ஆண்டு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதைக் கான்ஃபரன்ஸ் விதியாக எழுதி வைக்கலாம். அக்கம்பக்கத்துக் கான்ஃபரன்ஸ்கள் கதவைத் திறக்க வேண்டும். இதற்கு அரசின் துணையும் இருக்கிறது. எல்லாப் பள்ளிக்கும் கான்ஃபரன்ஸில் ஆட வாய்ப்பு வேண்டும் என்று அயோவா கல்வித் துறையின் விதியே சொல்கிறது. இடம் மறுக்கப்பட்ட பள்ளி துறை இயக்குநரிடம் முறையிடலாம், பேச்சுவார்த்தை கோரலாம். குற்றம் சாட்ட ஆள் வேண்டுமானால், விண்ணப்பித்த சின்னப் பள்ளியைச் சேர்க்காமல் வாக்களிக்கும் கான்ஃபரன்ஸைச் சாட்டுங்கள். வெளியேறுகிறவரை ஊரே ஏசுகிறது. சேர்க்க மறுப்பவரை யாரும் ஒரு சொல் கேட்பதில்லை. எனக்கு இது புரியவே இல்லை.

இன்னும் சிலர், இத்தனை தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய பள்ளியாக்கிவிடலாமே என்கிறார்கள். இரண்டு பள்ளிகள் இருந்தால் கூடைப்பந்தில் பத்துப் பேர் களத்தில் இறங்குவார்கள். இணைத்தால் ஐந்து. மற்ற ஐந்து பேர் பெஞ்சில் உட்காருவார்கள், அல்லது வீட்டுக்குப் போவார்கள். இணைப்பு தவிர்க்க முடியாத ஊர்கள் இருக்கின்றன. அங்கே அது நடக்கட்டும். ஆனால் கான்ஃபரன்ஸ் மாறி இன்னும் பத்து வருடம் தாக்குப்பிடிக்கக்கூடிய பள்ளியை, மாறக் கூடாது என்று தடுத்துவிட்டு, பிறகு அட்டவணை இல்லை, அணி இல்லை என்று மூடுவது இரட்டைத் தண்டனை.

மூடினால் திரும்பி வருவதில்லை. ஃப்ரீமாண்ட் கவுண்டியின் ஃபாராகட் பள்ளிப் பெண்கள் 1971இல் மாநிலக் கோப்பையை வென்றவர்கள். கடற்படைத் தளபதி ஒருவரின் பெயர் கொண்ட ஊர் என்பதால், கடலே இல்லாத இடத்தில் அட்மிரல்கள் என்ற பெயரோடு ஆடிய பள்ளி அது. மாநிலக் கல்வி வாரியத்தின் முடிவால் 2016இல் அந்த மாவட்டம் கலைந்தது. பிள்ளைகள் அண்டை ஊர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள். ஓரியண்ட் ஊரின் கதையும் அதுதான். ஓரியண்ட்-மேக்ஸ்பர்க் மாவட்டம் 2025 ஜூலையில் கலைந்தது. கலைப்புக்கு வாக்களித்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே. இந்த இரண்டு ஊரின் பெயரிலும் இனி எந்தக் கான்ஃபரன்ஸுக்கும் எந்த அணியும் வராது.

ஆகவே அடுத்த முறை ஒரு சிற்றூர்ப் பள்ளி இடம் மாறக் கேட்கும்போது பள்ளிக் குழுவின் முன்னால் வைக்க வேண்டிய கேள்விகள் மூன்றே. பேருந்தில் எத்தனை மணி நேரம் குறையும்? எதிரே ஆடுபவர்கள் நம் அளவுக்கு ஒத்தவர்களா? நம் ஜே.வி. பிள்ளைகளுக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கும்? இவற்றுக்கு நல்ல பதில் இருந்தால் குழு அனுமதிக்கட்டும். கான்ஃபரன்ஸில் எஞ்சியிருப்பவர்களே, போகிறவர்களை வாழ்த்தி அனுப்புங்கள், காலியான இடத்துக்கு இன்னொரு சின்னப் பள்ளியை நீங்களே போய் அழைத்து வாருங்கள்.